கதிர்காமத்தம்பிக்கு அதிகாரம் வழங்கிய விதம்

இல்லற அதிகாரச் சமநிலை மையம் கிரான் என்ற ஊருக்கு வந்து சேரும்வரை அங்கே அதிகாரம் குறைந்த கணவர்கள் இருக்கிறார்கள் என்பது ஒருவருக்கும் தெரியாது. கணவர்களுக்கே தெரியாது. மட்டக்களப்பு நகரத்தில் வாவியைப் பார்த்த மாடிக் கட்டடம் ஒன்றில், குளிரூட்டிய அறைகளும் வெள்ளை வாகனங்களுமாக இயங்கிய மையம் அது. கணவன் மனைவிக்கிடையில் யாரிடம் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்று அளந்து, குறைந்தவருக்கு நிரப்பிக் கொடுப்பது அதன் பணி. அளப்பதற்கான கேள்விகள் வேறு ஒரு நாட்டில் வேறு யாருக்காகவோ தயாரிக்கப்பட்டவை. வீடு யார் பெயரில்? காணி யார் பெயரில்? கலியாணத்துக்குப் பிறகு யார் யாருடைய வீட்டுக்குப் போனது? அக்கம்பக்கத்தில் இருப்பது யாருடைய சொந்தக்காரர்? போன இடமெல்லாம் இந்தக் கேள்விகளுக்குப் பெண்கள் தலைகுனிந்தார்கள், மையம் அவர்களைத் தூக்கி நிறுத்தியது.

கிரானில் அந்த ஏற்பாடு தலைகீழாகப் போய்விட்டது. மட்டக்களப்புப் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை உடுப்புப் பையோடு வந்து மனைவி வீட்டில் ஏறிக்கொள்வதுதான் பரம்பரை பரம்பரையாக உள்ள வழக்கம், அதில் யாருக்கும் குறையில்லை. கதிர்காமத்தம்பியும் அப்படித்தான் அன்னப்பூரணியின் வீட்டுக்கு வந்தார். உடுப்புப் பையோடு தன் சொந்தச் சைக்கிளும் கொண்டுவந்தவர் என்ற பெருமை மட்டும் அவருக்கு உண்டு.

மையத்தின் கள உத்தியோகத்தர் ஸாதியா ஏறாவூரைச் சேர்ந்த பிள்ளை, மரியாதை தெரிந்தவள். முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து, மடியில் இருந்த திரையைத் தட்டித் தட்டிக் கேட்டாள். வீடு மனைவி பெயரில் என்றார் கதிர்காமத்தம்பி. வளவும் அவள் பெயரில்தான். வட்டையில் இருக்கும் வயலும் அவளுக்குச் சீதனமாக வந்தது, வெள்ளாமை செய்வது மட்டும் நான் என்றார். அலுமாரிப் பூட்டின் திறப்பு? அவளிடம். பக்கத்து வீடுகள்? மச்சினிமார். அவர் ஒளிவுமறைவில்லாத மனிதர், கேட்டதற்கெல்லாம் உற்சாகமாகப் பதில் சொன்னார். சொல்லச் சொல்ல ஸாதியாவின் முகம் வாடிக்கொண்டே போனது. கடைசியில் திரையில் வந்த எண்ணைப் பார்த்துவிட்டு அவரிடம் திரும்பினாள்.

"ஐயா, இவ்வளவு நாளும் எப்படித் தாங்கினீங்க?"

எதைத் தாங்கினோம் என்று அவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் படித்த பிள்ளை இத்தனை இரக்கத்தோடு கேட்கும்போது ஒன்றுமில்லை என்று சொல்வது சரியில்லை என்று பட்டது. ஒரு பெருமூச்சு விட்டுவைத்தார். அதுவும் பதிவானது.

அளவீட்டின் முடிவைப் பார்த்த மையம் கேள்விகளைச் சந்தேகிக்கவில்லை. கிரானைச் சந்தேகித்தது. இந்தப் பிரதேசத்தில் ஆண்கள் கூட்டம் கூட்டமாக ஒடுக்கப்பட்டிருக்கிறார்கள் என்று கொழும்புக்கு அறிக்கை போனது. கொழும்பிலிருந்து அது கடல்கடந்தும் போயிருக்க வேண்டும், ஏனென்றால் மூன்றாவது வெள்ளை வாகனம் ஒன்று வந்தது. கதிர்காமத்தம்பி முதலாந்தரப் பயனாளியாகத் தெரிவானார்.

இந்த இடத்தில் அவருடைய இல்லறத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் மனைவியை அடித்தவரில்லை, ஏசியவரில்லை, குடிப்பவருமில்லை. தன்னை ஒரு நல்ல மனுசன் என்றுதான் நினைத்திருந்தார், ஊரும் அப்படியே நினைத்தது. மனதுக்குப் பிடிக்காதது ஏதும் நடந்தால் சாப்பிடமாட்டார், பேசமாட்டார், அவ்வளவுதான். சோறு வந்தால் "பசிக்கல்ல" என்பார். சோற்றுக் கோப்பை மூடியபடி குசினிக்குத் திரும்பும். பிறகு வயலில் காவலுக்குப் போட்ட வாடிக் குடிசையில் போய்ப் படுத்துக்கொள்வார். ஒரு நாள், இரண்டு நாள், விசயத்தைப் பொறுத்து ஒரு கிழமை. அதற்கிடையில் அந்தப் பிடிக்காத காரியம் எப்படியோ தானாகவே நடக்காமல் போய்விடும். சாப்பிடாதது வீட்டில் மட்டும்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சந்திக் கடையில் ரொட்டியும் சம்பலும் எப்போதும் கிடைக்கும்.

அவர் பயனாளியாகத் தெரிவான அதே கிழமை மகள் அஜந்தாவுக்கு யாழ்ப்பாணத்தில் தாதியர் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. இரண்டாவது தடவையும் விண்ணப்பித்து, நேர்முகத்துக்குப் போய் வந்து, வீட்டுச் சாமிப்படத்துக்குத் தினமும் விளக்கு வைத்துக் கிடைத்த இடம். சேர்வதற்கு மூன்று கிழமை இருந்தது. அவள் சிரித்துக்கொண்டு ஓடிவந்து சொன்னபோது கதிர்காமத்தம்பி சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். போகாதே என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. தொடர்ந்து எண்ணெய் விட்டார். ஒரே பிள்ளை, அந்தி பட்டால் அவரோடு கதைத்துக்கொண்டிருப்பவள், அவள் இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதை அப்படியே வாய்விட்டுச் சொல்லியிருந்தால் பிள்ளை அப்பனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதிருக்கும், பிறகு சந்தோசமாகப் போயிருக்கும். ஆனால் அவருக்குச் சொல்லிப் பழக்கமில்லை. மத்தியானம் சோறு வந்தபோது பசிக்கவில்லை என்றார்.

அடுத்த நாள் மையத்தின் செயலமர்வு. நகரத்து விடுதி மண்டபத்தில் கணவர்கள் குளிரில் கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தார்கள். பயிற்சி நடத்தக் கொழும்பிலிருந்து வந்த வளவாளர் அவர்களுடைய தோள்களைப் பார்த்தாலே ஒடுக்குமுறை தெரிகிறது என்றார். பிறகு நடுவில் ஒரு வெறுங்கதிரையை வைத்து, அதில் உங்கள் மனைவி இருப்பதாக நினைத்து வீட்டில் சொல்ல முடியாததை இங்கே சொல்லுங்கள் என்றார். ஒருவர் கதிரையிடம் கறிக்கு உப்புக் கூட என்று முறையிட்டார். இன்னொருவர் கதிரைக்குப் பயந்து வெற்றிலை போடப் போய்விட்டார். கதிர்காமத்தம்பியின் முறை வந்தது. அவர் கதிரையைப் பார்த்தார். வீட்டில் என்ன செய்வாரோ அதையே செய்தார். முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு சும்மா நின்றார்.

வளவாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரல் முற்றாக ஒடுக்கப்பட்ட நிலை, தன் பணிக்காலத்தில் இப்படி ஒன்றைக் கண்டதில்லை என்று சொல்லி, அவரை மெல்ல அணைத்து இருக்கையில் கொண்டுபோய் விட்டார். மத்தியானம் கோழிச்சோறு பரிமாறினார்கள். கதிர்காமத்தம்பி இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

பிறகு உரிமை நாற்காலி வந்தது. ஒவ்வொரு பயனாளிக்கும் மனைவியின் வீட்டுக்குள்ளே தனக்கென்று ஓர் இடம் வேண்டும் என்பது மையத்தின் கொள்கை. ஆகவே முதுகில் மையத்தின் சின்னம் ஒட்டிய நீலப் பிளாஸ்டிக் கதிரை ஒன்றை வாகனத்தில் கொண்டுவந்து விறாந்தையில் இறக்கினார்கள். அதில் கணவரைத் தவிர வேறு யாரும் உட்காரக் கூடாது என்று அன்னப்பூரணிக்கு விளக்கம் கொடுத்தார்கள். அவள் பவ்வியமாகத் தலையாட்டினாள். காலையும் மாலையும் அதைத் துடைத்தும் வைத்தாள். விதி தெரியாத கோழி ஒன்று அதில் ஏறியபோது விரட்டிவிட்டு, வாடியிலிருந்த கணவர் காதில் விழுந்துவிடுமோ என்பதுபோல் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டாள்.

கண்காணிப்புக்கு வந்த ஸாதியா, அவரை வாடியிலிருந்து கூப்பிட்டுக் கதிரையில் இருத்திப் படம் பிடித்தாள். அந்த நேரம் பார்த்து அஜந்தா தகப்பனுக்குச் சோறு கொண்டுவந்தாள். புளியாணமும் விரால் பொரியலும். கதிர்காமத்தம்பி பசிக்கவில்லை என்றார். கோப்பை திரும்பிப் போனது. எத்தனை நாளாக இப்படி என்று ஸாதியா கேட்டாள். நாலைந்து நாளாக இப்படித்தான், யாழ்ப்பாணத்துக் கதை வந்ததிலிருந்து, என்று அன்னப்பூரணி குரலைத் தாழ்த்திச் சொன்னாள். ஸாதியா ஒரு கணம் மகளின் முகத்தைப் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தாள். ஆனால் அவளிடம் இருந்த கேள்விகளில் மகளுக்கென்று ஒன்றும் இல்லை. பயனாளி எதிர்ப்புத் தெரிவிக்கத் தொடங்கியுள்ளார் என்று பதிந்தாள்.

அது மையத்துக்குப் போனதும் பணிப்பாளரே நேரில் புறப்பட்டு வந்தார். வெள்ளைச் சட்டை போட்ட, மெல்லிய குரலில் பேசுகிற மனிதர். அவர் பேசத் தொடங்கினால் கூட வந்த உத்தியோகத்தர்கள் மூச்சைக்கூட அளந்து விட்டார்கள். கதிர்காமத்தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பாராட்டினார்.

"நீங்கள் செய்வது சாதாரண காரியமில்லை. நானும் இதே முறையைத்தான் என் அலுவலகத்தில் கையாளுகிறேன். இதுவரை ஒருவரையும் நான் ஏசியதில்லை. ஒருவரோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தால் போதும், அவரே விலகல் கடிதத்தோடு வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போவார். எவ்வளவு ஜனநாயகமான முறை பாருங்கள்."

கூட வந்தவர்கள் தலையாட்டினார்கள். ஸாதியாவும் ஆட்டினாள், கொஞ்சம் பிந்தி. கதிர்காமத்தம்பிக்கு இலேசாக ஒரு கூச்சம் வந்தது. ஏன் என்று தெரியவில்லை. அந்த உத்தியோகத்தர்கள் பணிப்பாளரின் முகத்தைப் பார்த்த பார்வையை எங்கேயோ கண்டதுபோல் இருந்தது. எங்கே என்று நினைவுக்கு வருவதற்குள் படம் பிடிக்கக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அவருடைய முறைக்கு மையம் ஒரு பெயர் வைத்தது. 'உள்ளூர் அறிவை அடிப்படையாகக் கொண்ட மௌன வழி அதிகார மீட்பு.' வளவாளர் திரும்பி வந்து எல்லாக் கணவர்களுக்கும் அதைக் கற்றுக்கொடுத்தார். சோற்றுக் கோப்பையை எந்த விரலால் தள்ளுவது, முகத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று செய்துகாட்டினார். கிரானில் வீட்டுக்கு வீடு சோறு திரும்பியது. சந்திக் கடையில் ரொட்டிக்கு வரிசை நின்றது, கடைக்காரர் பின்புறத்தில் இன்னொரு அடுப்பு மூட்டினார். ஆண்களுக்கு அதிகாரம் வழங்கியதன் விளைவாக உள்ளூர்ச் சிறுதொழில் வளர்ந்துள்ளது என்று அதற்கும் ஓர் அறிக்கை போனது. ரொட்டிக்கு நின்ற கணவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனார்கள்.

கதிர்காமத்தம்பி அந்த நாட்களில் தன்னைப் பெரிய மனிதராக உணர்ந்தார் என்பதை மறைப்பதற்கில்லை. முன்னெல்லாம் வாடியில் படுத்திருக்கும்போது மூன்றாம் நாள் மனது கொஞ்சம் இளகும், வீட்டுக்குப் போவோமா என்று வரும். இப்போது அப்படி வரும்போதெல்லாம் மையம் நினைவுக்கு வந்தது. இத்தனை பேர் தன்னை நம்பியிருக்கும்போது சோற்றில் கை வைப்பது துரோகமாகப்பட்டது. அஜந்தா சேர வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் வாடிக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனாள். முதலில் அவள் வாயில் ஒரு பயணப்பை வாங்கும் கதை இருந்தது. பிறகு அந்தக் கதை நின்றுபோனது.

நிறைவு விழா அவள் போக வேண்டிய நாளுக்கு இரண்டு நாள் முன்னதாக நடந்தது. மண்டபம் முழுக்கப் பதாகை. வெளிநாட்டிலிருந்து வந்த இரண்டு பேர் முன்வரிசையில் மாலையோடு இருந்தார்கள். பணிப்பாளர் மெல்லிய குரலில் உரையாற்றினார்.

"அதிகாரம் பகிரப்பட வேண்டியது. எங்கள் மையத்தில் எல்லா முடிவுகளையும் எல்லோரும் கலந்து பேசியே எடுக்கிறோம். முடிவு என்ன என்பதை நான் முதல் நாளே தெரிவித்துவிடுவேன், அதனால் கலந்துரையாடல் இலகுவாக இருக்கும். இங்கே எனக்குப் பயந்து யாரும் வேலை செய்யவில்லை. அப்படி யாராவது இருந்தால் இப்போதே கை உயர்த்தலாம்."

ஒருவரும் உயர்த்தவில்லை. கைதட்டினார்கள்.

சிறந்த பயனாளியாகக் கதிர்காமத்தம்பிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அடுத்து, அதிகாரத்தை விட்டுக்கொடுத்த மனைவி தன் அனுபவத்தைச் சொல்வார் என்று அறிவித்தார்கள். அன்னப்பூரணி இதற்கு முன் மேடை ஏறியவளில்லை. ஒலிவாங்கியைத் தொடாமல் தள்ளி நின்று, கணவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல வேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடு பேசினாள்.

"இவர் ஒரு நாளும் எனக்குக் கை நீட்டினதில்ல. ஒரு கெட்ட வார்த்த பேசினதில்ல. கோவமெண்டா பேசாம இருப்பார், அவ்வளவுதான். வந்து சைக்கிள நிப்பாட்டுற சத்தத்திலயே நான் விளங்கிக்குவன். மெல்லமா நிப்பாட்டினா கதைக்கலாம். டக்கெண்டு நிப்பாட்டினா புள்ளையையும் கூட்டிக்கொண்டு குசினிக்க போயிருவன். என்ட தங்கச்சிர கலியாணத்துக்குப் போகாம விட்டதும் அப்பிடித்தான். போகாத எண்டு இவர் சொல்லவேயில்ல. நானாத்தான் விட்டன்."

முன்வரிசைக்கு மொழிபெயர்த்தவர் கடைசிப் பகுதியை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் இருமினார்.

"இப்ப மகளுக்கு யாழ்ப்பாணம் போறத்துக்கு வந்தது. அதையும் இவர் வேணாமெண்டு சொல்லல்ல. அவளே நேத்து, போகல்லம்மா, அப்பா சாப்பிடட்டும் எண்டுட்டாள். இனி இவர் சாப்பிடுவார்தானே. மையத்துக்கு நன்றி."

கைதட்டல் நிற்கவே இல்லை. பணிப்பாளர் எழுந்து நின்று தட்டினார். கேட்டீர்களா, ஒரு சொல் இல்லாமல், ஒரு சொல் இல்லாமல் என்று இரண்டு தரம் சொன்னார். கதிர்காமத்தம்பி பொன்னாடையைப் பிடித்துக்கொண்டு மேடையில் நின்றார். சந்தையில் வேட்டி அவிழ்ந்து விழுந்தவனைப்போல் இருந்தது அவருக்கு. தங்கச்சி கலியாணம் என்றால் எத்தனையோ வருசத்துக் கதை. அன்றைக்கு என்ன கோபம் என்றுகூட அவருக்கு நினைவில்லை, வண்டில் மாட்டைக் கேட்காமல் கொடுத்தது என்று ஏதோ ஒன்று. அவளாகத்தான் போகாமல் விட்டாள் என்றுதான் அவரும் இத்தனை காலம் நினைத்திருந்தார். கீழே அஜந்தா மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டிக்கொண்டிருந்தாள். தட்டியபடியே தகப்பன் முகத்தைப் பார்த்தாள். கோபம் போய்விட்டதா என்று பார்க்கிற பார்வை. பணிப்பாளரின் ஆட்களிடம் கண்ட அந்தப் பார்வையை முதலில் எங்கே கண்டோம் என்பது அப்போது அவருக்குத் தெரிந்துவிட்டது. நிலத்தைப் பார்த்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினார்.

வீட்டுக்கு வந்து சைக்கிளை முடிந்தவரை மெல்லமாக நிறுத்தினார். சோறு வந்தது. சாப்பிடுவதற்கு முன்னால் மகளைக் கூப்பிட்டார். அவருடைய வாயில் அந்தச் சொல் இலகுவாக வரவில்லை.

"மனே, நீ யாழ்ப்பாணம் போ. நான் பஸ் ஏத்தி விடுறன்."

குசினிக்குள் அகப்பைச் சத்தம் நின்றது. அன்னப்பூரணி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மேலதிகாரியிடம் கேட்பதுபோல் கவனமாகக் கேட்டாள்.

"நாங்க என்ன பிழ விட்டம்?"

பிழை ஒன்றும் இல்லை, மனதாரத்தான் சொல்கிறேன் என்றார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இது புது மாதிரிக் கோபம் என்று நினைக்கிறார்கள் என்பது அவருக்கு விளங்கியது. கோபம் இல்லை என்று காட்டுவதற்காகச் சோற்றை அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினார். அது அவர்களை இன்னும் பயமுறுத்தியது. கடைசியில் அஜந்தா அவருடைய தோளைத் தொட்டு, நான் போகமாட்டேன் அப்பா, நீங்கள் ஒன்றும் யோசிக்காதீங்க என்று ஆறுதல் சொன்னாள். அவர் மறுபடியும் போ என்றார். ஓமப்பா, ஓமப்பா என்று சொல்லிக்கொண்டு கோப்பையை எடுத்துப் போனாள்.

மறுநாளும் சொன்னார். யாரும் நம்பவில்லை. இருபத்துமூன்று வருசமாக அந்த வீட்டில் அவர் வாயால் சொன்ன எதற்கும் பெறுமதி இருக்கவில்லை, சொல்லாததற்குத்தான் பெறுமதி. அவர்களுக்கு விளங்குகிற பாசை ஒன்றே ஒன்றுதான் அவருக்குத் தெரியும். வேறு வழி இருக்கிறதா என்று பகல் முழுக்க வரப்பில் நடந்து யோசித்தார். பிறகு வீட்டுக்கு வந்து, மகளின் உடுப்புகளை எடுத்து ஒரு பையில் வைத்து வாசலில் கொண்டுவந்து வைத்தார். சோறு வந்தது. பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இப்போது அவர்களுக்கு உடனே விளங்கியது. அழுது அழுது அஜந்தா மிச்சத்தை அடுக்கினாள். இந்தத் தடவை அவர் சந்திக் கடைப் பக்கமும் போகவில்லை.

விடிந்ததும் கிரான் சந்தியில் பஸ் ஏற்றிவிட்டார்கள். போக வேண்டும் என்று ஆசைப்பட்ட பிள்ளை, அப்பன் சொன்னதற்காகப் போவதுபோல் போனாள். ஜன்னலால் தலையை நீட்டி, "இனிச் சாப்பிடுவீங்கதானே அப்பா" என்று கேட்டாள். அவர் தலையாட்டினார். பஸ் போய்விட்டது.

அன்னப்பூரணி கொண்டுவந்த பையிலிருந்து சோற்றுப் பொதியை எடுத்து, பஸ் நிழற்குடையில் இருந்த வாங்கின் மேல் விரித்து வைத்தாள். அவர் உட்கார்ந்து நாலு வாய் சாப்பிட்டார். அவள் பக்கத்தில் நின்று அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கண் உள்ளே போய், உதடு காய்ந்திருந்தது. இத்தனை வருசத்தில் ஒரு நாளும் கேட்காத கேள்வி ஒன்று அவர் வாயில் வந்தது.

"நீ சாப்பிட்டியா?"

"நீங்க சாப்பிடாம நான் எப்ப சாப்பிட்டிரிக்கன்?" என்றாள் அவள். குறையாகச் சொல்லவில்லை, நேரம் கேட்டவருக்கு நேரம் சொல்வதுபோல் சொன்னாள்.

கதிர்காமத்தம்பி பொதியை அவள் பக்கம் நகர்த்தினார். வேணாம், நீங்கள் முடியுங்கள் என்று அவள் பயத்தோடு திருப்பி நகர்த்தினாள். கையைக் கழுவிவிட்டு எழும்பலாம் என்றால், எழும்பினால் கோபம் என்று நினைப்பாள். அவள் பார்த்துக்கொண்டு நிற்க, வெட்கத்தில் தலை நிமிராமல், அவர் அந்தப் பொதி முழுவதையும் சாப்பிட்டு முடித்தார்.